பெட்டியைப் பிரித்துக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பிதழில் மானிட்டர் வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டிசைன் வேலைக்கு ஒரு மானிட்டர், விளையாட்டுக்கு இன்னொரு மானிட்டர் என்று கட்டுரையாளர் சுலபமாகப் பாகம் பிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் ஒரே மேசை, ஒரே கணினி, ஒருவர் சம்பாத்தியம். பகலில் அந்தத் திரை என்னுடையது. இரவு ஒன்பது மணிக்கு மேல் பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகனுடையது. இரண்டு மானிட்டர் வாங்க வசதி இருந்தால் நான் முதலில் ஒரு நல்ல நாற்காலி வாங்கியிருப்பேன்.

சிவகாசியில் 21 ஆண்டுகளாக அச்சுக்கு டிசைன் செய்து வருகிறேன். காலண்டர், பட்டாசுப் பெட்டி, லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் செய்வேன். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் நான் திரையைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை என்று மகன் குறை சொல்வான். திரையை வைத்துப் பிழைப்பவள் என்பதால்தான் இந்தக் கடிதம் சற்று நீளமாகப் போகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தீபாவளித் தள்ளுபடியில் இணையம் வழியாக ஒரு மானிட்டர் வாங்கினோம். மகன் தேர்ந்தெடுத்தான், நான் பணம் கட்டினேன். 27 அங்குலம், வளைந்த திரை, 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 முறை படம் மாறும்), 1 மில்லி செகண்ட் (புள்ளி நிறம் மாறும் நேரம் என்று நினைத்தோம்), ஹெச்டிஆர் (வெளிச்சமும் இருளும் கூடுதல் வீச்சில் தெரியும் வசதி). பெட்டியின் மேல் பறந்த தீப்பொறியைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பட்டாசுப் பெட்டிகளே கூச்சப்படும். இணைப்பைக் கொடுத்தவுடன் சிவப்பு கண்ணைப் பறித்தது. காலண்டர் லட்சுமியின் சேலை அப்போதுதான் சாயத்தொட்டியிலிருந்து எடுத்ததுபோல இருந்தது. எனக்கும் பிடித்துத்தான் போயிற்று.

அந்தச் சமயத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாதக் காலண்டர் கையில் இருந்தது. அந்தக் கடைக்கு அடையாளமே அரக்கு நிறம். பையில், பெயர்ப்பலகையில், பில் புத்தகத்தில் எல்லாம் அதே அரக்கு. என் புதிய திரையில் அது குங்குமமாக எரிந்தது. இவ்வளவு சிவப்பு ஆகாது என்று மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மையைக் குறைத்து, கறுப்பைக் கொஞ்சம் கூட்டினேன். திரையில் அரக்கு வந்தது. அச்சில் சாக்லேட் வந்தது. மொத்தம் 3,000 காலண்டர். கடைக்காரர் ஒரு தாளை எடுத்துத் தன் கடைப்பையின் பக்கத்தில் வைத்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. டிசைன் கூலி போயிற்று. தாள் செலவில் பாதியும் என் தலையில் விழுந்தது.

இதில் என் தவறும் உண்டு. திரையைப் பார்க்காதே, எண்ணைப் பார் என்பது எங்கள் தொழிலின் பால பாடம். பழைய ஆர்டரில் அந்த அரக்குக்கு எத்தனை சதவீதம் மெஜந்தா, எத்தனை சதவீதம் மஞ்சள் போட்டேன் என்பது என் நோட்டிலேயே எழுதியிருந்தது. அவசரம், புரூஃபும் (மாதிரி அச்சு) எடுக்கவில்லை. கண் முன்னால் பளபளவென்று ஒன்று எரியும்போது நோட்டைப் புரட்ட யாருக்குத் தோன்றுகிறது?

ஆனால் அந்தத் திரை ஏன் அப்படிக் காட்டியது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. அது பழுதான மானிட்டர் கிடையாது. நிறத்தை அதிகமாகக் காட்டும் மானிட்டர். 1996-ல் ஹெச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிற அளவைத்தான் இன்றும் இணையப் படங்கள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. திரையரங்குகளுக்காக வந்த டிசிஐ பி3 அதைவிட விரிவானது, சிவப்பிலும் பச்சையிலும் முக்கியமாக. விரிந்த திரையில் எஸ்ஆர்ஜிபி படம் தன் அளவோடு தெரிய வேண்டுமானால், மானிட்டருக்குள்ளேயே எஸ்ஆர்ஜிபி நிலை இருக்க வேண்டும். அல்லது அந்தத் திரை நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்று அளந்து எடுத்த நிறக் கோப்பு கணினியில் இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. பத்துப் புள்ளிக் கோலத்தைப் புள்ளி கூட்டாமல் வாசல் முழுக்க இழுத்துப் போட்டதுபோல, சிவப்பெல்லாம் இழுபட்டு நின்றது. தங்கள் கட்டுரையாளரோ "டிசிஐ பி3 சதவீதம் கூடக்கூட டிசைனருக்கு நல்லது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான்.

மகனாவது சந்தோஷமாக இருந்தானா என்றால் அதுவும் இல்லை. அது விஏ வகைப் பேனல் (பேனல் என்பது படம் காட்டும் உள் பலகை; விஏ, ஐபிஎஸ் என்பவை அதன் வகைகள்). கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும். ஐபிஎஸ் பேனலில் வெளிச்சத்துக்கும் கறுப்புக்குமான விகிதம் ஏறத்தாழ 1000-க்கு 1 என்றால் இதில் 3000-க்கு 1. ஆனால் கறுப்பிலிருந்து கருஞ்சாம்பலுக்கு மாறுவதில் பல விஏ பேனல்கள் மந்தம். விளையாட்டில் இருட்டறைக்குள் எதிரி ஓடினால் அவன் பின்னால் கரி பூசியதுபோல ஓர் இழுவை. அப்படியானால் பெட்டியில் போட்டிருந்த அந்த 1 மில்லி செகண்ட்? அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் எம்பிஆர்டி என்று இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பின்விளக்கை நொடிக்குப் பலமுறை அணைத்து அணைத்து எரியவிட்டு, கண்ணுக்கு இழுவை தெரியாமல் செய்யும் கணக்கு அது. அந்த வசதியைப் போட்டால் திரை மங்கிவிடும். திரையும் கிராஃபிக்ஸ் கார்டும் ஒத்துப்போகச் செய்யும் அடாப்டிவ் சிங்க் வசதியும் எங்கள் மானிட்டரில் அதோடு சேர்ந்து வேலை செய்யவில்லை. ஹெச்டிஆரைப் போட்டால் வெள்ளையெல்லாம் சாம்பல் பூத்தது. ஒருமுறை போட்டதோடு சரி.

இன்னொரு தொல்லை எழுத்து. 27 அங்குலத் திரையில் 1920-க்கு 1080 புள்ளி என்றால் அங்குலத்துக்கு 82 புள்ளிதான் விழும். தினசரி காலண்டர்த் தாளில் ராகு காலமும் எமகண்டமும் எவ்வளவு பொடியாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் திரையில் அவை எறும்பு மொய்த்த சர்க்கரைபோல இருந்தன. வளைவு வேறு. மாதக் காலண்டரின் கட்டங்களுக்கு நேர்கோடு போட்டுவிட்டு, கோடு வளைந்திருக்கிறதா, திரை வளைந்திருக்கிறதா என்று ஸ்கேலை வைத்துப் பார்த்த நாட்கள் உண்டு.

இந்த ஆண்டு பொங்கல் முடிந்ததும் அதை விற்றோம். அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

நான் முதலில் எடுத்தது இஞ்ச் டேப். 27 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு; அந்தத் திரையின் அகலம் 59.8 சென்டிமீட்டர், உயரம் 33.6. ஏ3 தாள் 42-க்கு 29.7. ஆக, ஓர் ஏ3 பக்கத்தை அச்சில் வரும் அளவிலேயே திரையில் வைத்துவிட்டு, பக்கத்தில் கருவிப் பட்டைகளுக்கும் இடம் விடலாம். 24 அங்குலத்தில் உயரம் 29.9 மட்டுமே, பக்கம் அமரும், மெனுவுக்கு இடம் இருக்காது. எனவே 27. புள்ளிக் கணக்கில் 2560-க்கு 1440. அங்குலத்துக்கு 109 புள்ளி. எழுத்து கண்ணுக்குப் பிடிபடுகிறது. 4கே வாங்கியிருந்தால் 163 புள்ளி கிடைத்திருக்கும், அச்செழுத்துபோலவே இருந்திருக்கும். ஆனால் 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். 1440-ல் 37 லட்சம். மகனிடம் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 37 லட்சத்தை இழுத்துக்கொண்டு ஓடும். 83 லட்சத்தில் அதற்கு மூச்சு வாங்கும். இந்த இடத்தில் நான்தான் விட்டுக்கொடுத்தேன். அவன் வளைவை விட்டுக்கொடுத்தான்.

பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்ஈடி திரை பற்றியும் யோசிக்காமல் இல்லை. விளையாட்டுக்கு அதைப் போன்ற திரை கிடையாது என்று மகன் ஒரு வாரம் பாடம் நடத்தினான். என் மெனுவும் கருவிப் பட்டையும் காலை முதல் மாலை வரை ஒரே இடத்தில் அசையாமல் நிற்பவை. அந்த வகைத் திரையில் நாளடைவில் அவற்றின் தழும்பு விழுந்துவிடும் அபாயம் உண்டு. விலையைக் கேட்டதும் அந்தப் பாடம் தானாக முடிந்தது.

ஹெர்ட்ஸ் விஷயத்தில் மட்டும் மகன் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதெல்லாம் பையன்கள் பேச்சு என்று நினைத்திருந்தேன். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லி செகண்ட். 165-ல் 6 மில்லி செகண்ட். பெரிய பக்கத்தை இங்கும் அங்கும் நகர்த்தும்போது அது கையோடு வருகிறது. பிரஸ்ஸில் பழைய 60 ஹெர்ட்ஸ் திரையில் உட்கார்ந்தால் இப்போது எனக்கே பொறுமை போகிறது.

மதுரைக்குப் பஸ் ஏறும்போது என் பையில் இருந்தவை: அந்தச் சாக்லேட் காலண்டரின் ஒரு தாள், நிறம் சரியாக வந்த பழைய காலண்டரின் ஒரு தாள், இரண்டின் பிடிஎஃப்பும் இருக்கும் பென் டிரைவ், முழுக் கறுப்பு, முழு வெள்ளை, முழுச் சாம்பல் என்று நானே செய்த மூன்று வெற்றுப் படங்கள், ஜவுளிக்கடைப் பை ஒன்று. "அம்மா, பெண் பார்க்கப் போகிறோமா, மானிட்டர் பார்க்கப் போகிறோமா?" என்றான் மகன்.

முதல் இரண்டு கடைகளில் பெட்டியைப் பிரிக்கவே மறுத்துவிட்டார்கள். பிரித்தால் விற்ற கணக்கு என்றார்கள். மூன்றாவது கடையில் இருந்த இளைஞர் என்னைத் தாண்டி மகனைப் பார்த்து, "தம்பி, என்ன கேம் விளையாடுவீர்கள்?" என்று ஆரம்பித்தார். நான்தான் வாங்குகிறேன் என்றதும், "அக்காவுக்குப் படம் பார்க்கவா?" என்றார். என்ன பேனல், எஸ்ஆர்ஜிபி எத்தனை சதவீதம் என்று கேட்டேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "16.7 மில்லியன் கலர் அக்கா" என்று பெருமையாகச் சொன்னார். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் வரும் எண் அது. மலிவான மானிட்டரின் பெட்டியிலும் அதே எண்தான் இருக்கும். இன்னொரு பெட்டியில் 72 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தது. என்டிஎஸ்சி என்பது அமெரிக்காவில் 1953-ல் வண்ணத் தொலைக்காட்சிக்கு வகுத்த அளவு. அதில் 72 சதவீதம் என்றால் பரப்பளவில் ஏறத்தாழ எஸ்ஆர்ஜிபி அளவு வரும், அவ்வளவுதான். 45 சதவீதம் என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். அதில் மஞ்சள் பூசிய முகமும் சோகை பிடித்ததுபோல இருக்கும்.

அந்த இளைஞரைக் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் பெட்டியைப் பிரித்துக் காட்டியவர் அவர் ஒருவர்தான். முழுக் கறுப்புப் படத்தைப் போட்டோம். நடுவுக்குச் சற்று மேலே ஒரு பச்சைப் புள்ளி, அணையாமல் நின்றது. "ஒரே ஒரு புள்ளிதானே அக்கா" என்றார். "மீனாட்சி படத்தைப் போட்டால் சரியாக மூக்கில் வரும் தம்பி, பச்சைக்கல் மூக்குத்தி என்று நினைத்துக்கொள்வார்கள்" என்றேன். சிரித்துவிட்டு வேறொன்றைப் பிரித்தார். இதையே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓரிரு புள்ளிகளைக் குறையாகவே எடுத்துக்கொள்ளாத நிறுவனங்கள் பல. எத்தனை புள்ளி இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதை வாரண்டி அட்டையில் தேடிப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

இரண்டாவதில் புள்ளி இல்லை. கறுப்பில் மூலைகள் லேசாக வெளிறின; ஐபிஎஸ் என்றால் அது கொஞ்சம் இருக்கும். சாம்பலில் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எஸ்ஆர்ஜிபி நிலைக்கு மாற்றி, அந்த நிலையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பார்த்தேன். சில மானிட்டர்களில் எஸ்ஆர்ஜிபிக்குப் போனவுடன் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும்; பகல் வேலைக்கு அது உதவாது. பிறகு காலண்டரைத் திறந்து, நல்ல தாளையும் கடைப்பையையும் பக்கத்தில் பிடித்தேன். அப்படியே ஒத்துப்போகவில்லை, போகவும் போகாது. ஒன்று விளக்கு, மற்றது மை. ஆனால் அரக்கு அரக்காக இருந்தது. சாக்லேட் தாளின் பிடிஎஃப்பைப் போட்டால் சாக்லேட்டாகவே தெரிந்தது. அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

ஸ்டாண்டை உயர்த்தி இறக்க முடிந்தது. கழுத்து வலிக்காரர்கள் இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் ஸ்டாண்டு சாய மட்டுமே செய்யும். 22,500 ரூபாய் ஆனது. ஊர் வரும்வரை பெட்டியை நிமிர்த்திப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் மகன் உட்கார்ந்திருந்தான். அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லி நடத்துநர் கேட்டார். நியாயம்தான், ஓர் ஆள் இடத்தை அது அடைத்திருந்தது.

வீட்டுக்கு வந்த பின் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 165 ஹெர்ட்ஸ் மானிட்டரில் மகன் மூன்று வாரம் 60 ஹெர்ட்ஸில் விளையாடியிருக்கிறான். விண்டோஸ் அமைப்பில் போய் மாற்றினால்தான் அது மாறும். மாற்றப் போனால் 144-க்கு மேல் காட்டவில்லை. எங்கள் மானிட்டரின் ஹெச்டிஎம்ஐ துளைக்கு அதுதான் எல்லை, டிஸ்பிளே போர்ட் கேபிளில் போட்டதும் 165 வந்தது. "வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது அம்மா" என்று அந்த மூன்று வாரமும் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்திருந்தேன். பெட்டியிலிருந்து எடுத்தபோது மானிட்டரில் இருந்த வெளிச்ச அளவை மாற்றாமலேயே வேலை பார்த்தேன். தெரிந்த பிரஸ்ஸில் நிறம் அளக்கும் கருவியை ஒரு நாள் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தால் 300 நிட்டுக்கு மேல் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு). அச்சு வேலைக்கு 100, 120 போதும். அவ்வளவு வெளிச்சத்தில் படத்தைச் சரிசெய்து அனுப்பிவிட்டு, அச்சு இருட்டாக வந்துவிட்டது என்று மெஷின்மேனிடம் சண்டை போட்டவர்களில் நானும் ஒருத்தி. வெளிச்சம் 110 நிட், வெண்மையின் சாயல் 6500 கெல்வின், இடைநிறங்களின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் காமா 2.2 என்று வைத்து நிறக் கோப்பு எடுத்துக்கொண்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த ரோஸ் நிறச் சுவருக்குச் சாம்பல் அடித்தேன். வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சயான் என்ற நீல மையின் முழு அழுத்தத்தை எஸ்ஆர்ஜிபி நிலையில் காட்ட முடியாது. மயில் கழுத்து நிறம் திரையில் ஒரு படி மங்கலாகவே இருக்கும். அதற்கு எஸ்ஆர்ஜிபியைவிட விரிவான அடோபி ஆர்ஜிபி அளவு வரை காட்டும் மானிட்டர் வேண்டும், விலை வேறு உயரத்தில் போய்விடும். முருகன் காலண்டர் செய்யும்போது நான் நோட்டைத் திறந்து எண்ணைப் பார்த்துக்கொள்கிறேன்.

தங்களிடம் நான் கேட்பது இதுதான். பண்டிகைக்குப் பண்டிகை தங்கள் நாளிதழில் முழுப்பக்க மானிட்டர் விளம்பரங்கள் வருகின்றன. 68.6 செ.மீ. (அதாவது 27 அங்குலம்) என்பது கொட்டை எழுத்தில் இருக்கிறது, மாதத் தவணை அதைவிடக் கொட்டை எழுத்தில். என்ன பேனல், எஸ்ஆர்ஜிபி எவ்வளவு, எத்தனை புள்ளி செத்தால் மாற்றித் தருவார்கள் என்ற மூன்றும் எங்கும் இல்லை. விளம்பரதாரரைத் தாங்கள் கட்டாயப்படுத்த முடியாது, தெரியும். தங்கள் கட்டுரைகளிலாவது அந்த மூன்றும் இடம்பெறட்டும். கடைக்காரர்கள் மாடலுக்கு ஒன்றைப் பிரித்து ஓடவிட்டு வைக்கட்டும். சேலையை விரித்துக் காட்டாத கடையில் யாராவது சேலை எடுப்பார்களா? இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சாக்லேட் காலண்டர் சமயத்தில் எனக்கு இது தெரியாது.

ஆடிப்பெருக்குக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அந்த ஜவுளிக்கடைக்காரர் இந்த ஆண்டு மறுபடியும் ஆர்டர் கொடுத்திருக்கிறார். முதல் புரூஃப் தாளைத் தன் கடைப்பையின் பக்கத்தில் தானே வைத்துப் பார்ப்பாராம், அதன் பிறகுதான் அச்சுக்குப் பிளேட் (தகடு) எடுக்க வேண்டுமாம். பை ஒன்றையும் கையோடு கொடுத்தனுப்பியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சிவகாசி.

(பெயரைப் போட வேண்டாம். அந்தக் கடைக்காரரும் தங்கள் நாளிதழைத்தான் வாங்குகிறார்.)